குழாய் சொட்டுது, எழுந்து போங்க!

போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றே கால் மணிக்கு எங்கள் வீட்டு பாத்ரூம் குழாய் சொட்டியது.

இதில் என்னய்யா விசேஷம் என்பீர்கள். இருக்கிறது. முதல் விசேஷம், நாங்கள் இருப்பது வானகரம். இங்கே குழாயில் தண்ணீர் வருவதே ஒரு நியூஸ். இரண்டாவது, அந்த நேரத்தில் ஹால் விளக்கை அணைத்துவிட்டு நானும் என் மனைவியும் 'ஈரம்' படம் பார்த்துக் கொண்டிருந்தோம்.

பார்த்தவர்களுக்கு இப்போதே முதுகில் சில்லென்றிருக்கும். பார்க்காதவர்கள் கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் மொட்டை மாடி ரூம். அங்கே நாலு பிரம்மச்சாரிகள். இரண்டு பேருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஒருவர் பூந்தமல்லி பக்கம் குடோனில் கணக்கு எழுதுகிறார். நாலாமவருக்கு என்ன வேலை என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் நாலு பேரும் என்னை மாடிப்படியில் மடக்கினார்கள்.

"அண்ணே, நீங்க பத்திரிகைல எழுதறவராச்சே. வீட்ல உக்காந்து பாக்கற மாதிரி நல்ல பேய்ப் படமா நாலு சொல்லுங்கண்ணே. இங்கிலீஷ் வேணாம்ணே. அதுல பேய் பேசறதே புரியல. புரியாம எப்படிண்ணே பயப்படறது?"

நியாயமான கேள்வி. லிஸ்ட் எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தேன். "என்ன வேணா பாருங்க தம்பிகளா, 'டிமான்ட்டி காலனி' மட்டும் வேண்டாம். அதுல நாலு பசங்க, ஒரே ரூம். உங்களுக்கு ஆகாது."

அன்றைக்கு ராத்திரியே அதைத்தான் முதலில் போட்டிருக்கிறார்கள்.

2015-ல் வந்த படம், அஜய் ஞானமுத்துவின் முதல் படம். ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே இருக்கிற இடம் டிமான்ட்டி காலனி. ஜான் டி மான்ட்டி என்ற போர்ச்சுகீசிய வியாபாரியின் பெயர் அது. அருள்நிதியும் மூன்று நண்பர்களும் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு ராத்திரி அந்தப் பாழடைந்த பங்களாவுக்குள் போய்விட்டுத் திரும்புகிறார்கள். அதற்குப் பிறகு பங்களாவில் பயமில்லை. பயமெல்லாம் அவர்களுடைய சொந்த ரூமில். கதவு திறக்காது, டி.வி.யை நிறுத்த முடியாது, டி.வி.யில் வருவதோ அவர்களேதான்.

அடுத்த மூன்று நாள் எங்கள் மொட்டை மாடியில் நாலு பேரும் பாத்ரூமுக்கு ஒன்றாகத்தான் போய் வந்தார்கள். (ஒருத்தர் உள்ளே, மூன்று பேர் வெளியே காவல்.)

எதற்குச் சொல்கிறேன் என்றால், தியேட்டரில் பார்க்கிற பேய் வேறு, வீட்டில் பார்க்கிற பேய் வேறு. நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். தியேட்டர் பயம் பார்ட்னர்ஷிப் வியாபாரம். ஐந்நூறு பேர் சேர்ந்து 'வீல்' என்று கத்தி, அடுத்த நிமிஷம் சேர்ந்து சிரித்து, இடைவேளையில் சேர்ந்து பாப்கார்ன் தின்று, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொண்டு போய்விடலாம். வீட்டுப் பயம் தனியாள் வியாபாரம். நஷ்டம் மொத்தமும் நம்ம தலையில்தான்.

அதனால்தான் தியேட்டரில் ஓகோவென்று ஓடிய சில படங்கள் வீட்டில் நமுத்துப் போகின்றன. 'காஞ்சனா'வை எடுத்துக் கொள்ளுங்கள் (2011). அதற்கு அண்ணன் 'முனி' (2007). இருட்டினால் வீட்டை விட்டு வெளியே வராத, ராத்திரி ஒண்ணுக்குப் போக அம்மாவைத் துணைக்கு எழுப்புகிற தடிமாட்டு ஹீரோவாக ராகவா லாரன்ஸ். தியேட்டரே குலுங்கியது. ஏன் குலுங்கியது? சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே கேஸ்தான். ஆனால் அந்தப் படத்தின் நிஜமான சரக்கு கோவை சரளா அல்ல. நிலத்துக்காகக் கொலை செய்யப்பட்ட ஒரு திருநங்கையாக சரத்குமார் வந்து நின்றாரே, அது. அதற்குப் பிறகு வந்தவர்கள் சரத்குமாரை விட்டுவிட்டு கோவை சரளாவை மட்டும் காப்பி அடித்தார்கள். 'அரண்மனை' (2014) தொடங்கி ஒரு பத்து வருஷம் தமிழ்நாட்டில் பேய்கள் எல்லாம் காமெடி டிராக்கில் கால்ஷீட் கொடுத்துக் கொண்டிருந்தன. லீவுக்கு வந்த குழந்தைகளோடு பார்க்க நல்ல படங்கள்தான். தனியாக ராத்திரியில் பார்க்க? தூக்கம் வரும்.

பழசில் நல்லதில்லையா என்றால், இருக்கிறது. என் அம்மாவுக்கு 'நெஞ்சம் மறப்பதில்லை' (ஸ்ரீதரின் 1963 படம், செல்வராகவன் 2021-ல் அதே பெயரில் எடுத்தது வேறு). கல்யாண்குமார், தேவிகா, பூர்வ ஜென்மம், இடிந்த மாளிகை. எல்லாவற்றுக்கும் மேலே நூறு வயதைத் தாண்டிய ஜமீன்தாராக நம்பியார். "அவர் கண்ணைப் பாருடா, இதுக்கு எதுக்கு உங்க கிராபிக்ஸ்?" என்பாள் அம்மா. மறுத்துப் பேச முடியாது. அதற்குக் கேமரா பிடித்த வின்சென்ட்தான் அடுத்த வருஷமே மலையாளத்தில் முதன்முதலாக ஒரு படம் டைரக்ட் செய்தார். 'பார்கவி நிலையம்', கதை வைக்கம் முகமது பஷீர். ஒரு எழுத்தாளன் ஒரு வீட்டுக்குக் குடி வருகிறான். அங்கே பேய் இருப்பது தெரிகிறது. ஓடவில்லை. அதனிடமே பேசி, அனுமதி கேட்டுக் கொண்டு தங்கிவிடுகிறான்! அட்வான்ஸ் கொடுத்துவிட்ட எழுத்தாளன் வேறு என்ன செய்வான், பாவம். எனக்குப் புரிகிறது.

ரஜினி நடித்த 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978), மனோபாலா இயக்கிய 'பிள்ளை நிலா' (1985), இரண்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு. ஆமாம், நமக்குக் காமெடியனாகத் தெரிந்த அதே மனோபாலாதான். ஒருதலையாகக் காதலித்துச் செத்துப்போன ராதிகா, காதலித்தவனுடைய குழந்தை மேலேயே வந்து இறங்குகிறார். குழந்தை யார்? பேபி ஷாலினி. அந்தச் சின்ன முகம் திடீரென்று முறைக்கும்போது, எதிர் வீட்டுக் குழந்தையைக் கொஞ்சவே யோசனையாக இருக்கும்.

இங்கே ஒன்று கவனித்தீர்களா? வெள்ளைக்காரப் பேய் காரணமே இல்லாமல் வரும். 'எக்ஸார்சிஸ்ட்'டில் (1973) அந்தச் சின்னப் பெண் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஒன்றுமில்லை. 'ஓமன்' கதையைத் தமிழில் 'ஜென்ம நட்சத்திரம்' (1991) என்று எடுத்தபோதும் அப்படித்தான். குழந்தை பிறக்கும்போதே சாத்தான். நம்மூர்ப் பேய் அப்படி அநாவசியமாக வராது. கையில் மனுவோடு வரும். நிலத்தைப் பிடுங்கிக் கொண்டான், கழுத்தை நெரித்தான், காதலனைக் கொன்றான் என்று ஏதாவது ஒரு கேஸ் பெண்டிங்கில் இருக்கும். உயிரோடு இருந்தபோது ஸ்டேஷனில் எழுதிக் கொள்ளாத புகார். நம் பேய்களில் பெரும்பாலும் பெண்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் கட்சி. சந்திரமுகியும் அந்த லிஸ்டில்தான் வருகிறாள். ஃபாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) பார்த்துவிட்டு இங்கே வந்தால் 'சந்திரமுகி'யில் (2005) ரஜினி அதிகம், பயம் கம்மி. ஆனாலும் சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளைத் தாண்டி ஓடியது. நான் என்ன சொல்ல?

மனு கொடுக்கிற பேய் என்றதும் ஞாபகம் வருகிறது. 1990-களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் 'மர்மதேசம்' பார்த்த தலைமுறை நாங்கள். அதில் 'விடாது கருப்பு'. கதை 2024-ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், டைரக்ஷன் நாகா, தயாரித்தது பாலசந்தரின் மின்பிம்பங்கள். தப்பு செய்தவனைத் தேடிக் குதிரையில் கருப்பு வரும். அப்போது எங்கள் வீட்டில் கக்கூஸ் கொல்லைப்புறம். சீரியல் முடிந்ததும் அடியேன் ஸ்கூல் நோட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டதை நினைத்துப் பார்ப்பேன். அடக்கிக் கொண்டு படுத்துவிடுவேன். விடிந்ததும் பாயை வெயிலில் போட வேண்டியிருக்கும். இதற்கு மேல் விவரம் வேண்டாம். யூடியூபில் கிடைக்கிறது; இன்றைக்குப் பார்த்தால் செட்டும் விக்கும் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வீட்டில் பார்ப்பதற்கென்றே எடுத்த மாதிரி ஒரு படம் உண்டு. 'யாவரும் நலம்', 2009, விக்ரம் குமார். மாதவன் குடும்பம் அண்ணன், அண்ணி, அம்மா, தங்கை என்று கூட்டாக, ஆசை ஆசையாய் ஒரு புது ஃப்ளாட்டுக்குக் குடி வருகிறது. பதின்மூன்றாவது மாடி, 13-பி. எல்லோருக்கும் வேலை செய்கிற லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது. செல்போனில் அவர் முகத்தை வீட்டுக்குள் எடுத்தால் கோணலாக விழும், வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். சாமி படம் மாட்ட ஆணி இறங்காது. வீட்டுப் பெண்கள் மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு சீரியல் பார்க்கிறார்கள். சீரியலிலும் ஒரு குடும்பம் புது வீட்டுக்கு வருகிறது. இங்கே நடப்பதெல்லாம் அங்கே நடக்கிறது. கொஞ்ச நாளில், அங்கே நடப்பதெல்லாம் இங்கே நடக்க ஆரம்பிக்கிறது.

கேமரா பி.சி.ஸ்ரீராம். ரத்தக்களறி குறைவு. பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில், அப்பளம் பொரிக்கிற வாசனைக்கு நடுவே பயமுறுத்துகிற படம். பங்களா இல்லை, சுடுகாடு இல்லை. நம்ம வீட்டில் தினமும் ஓடுகிற டி.வி. பெட்டி, அவ்வளவுதான். தியேட்டரில் பார்த்தால் பாதிப் பயம். டி.வி.யில் பார்த்தால் டி.வி. மேலேயே பயம்.

ஹாலிவுட்காரன் இந்தப் படத்தைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்பான். வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் காலி பண்ணவில்லை? வானகரத்துக்காரன் கேட்க மாட்டான். மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி வரை ரோட்டோரம் நிற்கிற இத்தனை ஃப்ளாட்டிலும் ஒரு கதவைத் தட்டிப் பேய் "வெளியே போ!" என்று சொல்லட்டும் பார்ப்போம். "பாக்கி பதினேழு வருஷம் இ.எம்.ஐ. நீ கட்டறியா?" என்றுதான் பதில் வரும். பேய்தான் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

'பீட்சா' (2012), 'மாயா' (2015) இரண்டையும் கண்ணை மூடிக் கொண்டு... மன்னிக்கவும், கண்ணைத் திறந்து கொண்டு பார்க்கலாம். 'பீட்சா'வில் டார்ச் லைட்டை வைத்துக் கொண்டு விஜய் சேதுபதி ஒற்றை ஆளாகப் படத்தைத் தூக்கி நிறுத்துவார். கதையைச் சொன்னால் என்னை உதைப்பீர்கள். ஒரே கண்டிஷன், செல்போனை அடுத்த ரூமில் வைத்துவிட வேண்டும். நடுவில் வாட்ஸ்அப் பார்க்கிறவனை எந்தப் பேயும் மதிக்காது.

சரி, குழாய்க்கு வருவோம்.

'ஈரம்', அதுவும் 2009. அறிவழகனின் முதல் படம், தயாரிப்பு டைரக்டர் ஷங்கர். பெரிய அபார்ட்மெண்டில் ஒரு வீட்டுக் கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து வருகிறது. உடைத்துப் பார்த்தால் பாத்டப்பில் அந்த வீட்டுப் பெண் பிணமாக. தற்கொலை என்கிறார்கள். விசாரிக்க வருகிற போலீஸ் அதிகாரி ஆதி, அவளுடைய பழைய காதலன். அதற்குப் பிறகு அதே அபார்ட்மெண்டில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பேய்க்குப் பல் கிடையாது, வெள்ளைப் புடவை கிடையாது. தண்ணீர்தான் பேய். மனோஜ் பரமஹம்சாவின் கேமராவில் படம் முழுக்க வெயில் என்பதே தலைகாட்டாது. மழை மூட்டம், சாம்பல் நிறம், நடுவே பளிச்சென்று ஒரு சிவப்பு.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரனுக்குக் கதவிடுக்கில் நுழைகிற தண்ணீர் வேறு மாதிரிதான் தெரியும். ஆனாலும் நான் தைரியமாகத்தான் இருந்தேன். "எங்க ஏரியாவுல இந்தப் பேய் வரணும்னா லாரி புக் பண்ணிட்டுதான் வரணும்" என்று ஜோக்கெல்லாம் அடித்தேன். மனைவி சிரிக்கவில்லை. அந்தச் சமயம்தான் குழாய் சொட்டியது.

"குழாய் சொட்டுது, எழுந்து போங்க."

"நீ போயேன்."

"பயமா?"

"சேச்சே. நல்ல சீன் போயிடும்."

(இனி வருவது படத்தின் ரகசியம். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பார்க்காதவர்கள், பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.)

அந்தப் பெண்ணைக் கொன்றது புருஷன். நந்தா நடித்திருக்கிறார். குடிகாரன் இல்லை, அடிக்கிறவன் இல்லை. படித்தவன், நல்ல சட்டை போடுகிறவன், மெதுவாகப் பேசுகிறவன். அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவரும் அவள் மேல் ஒவ்வொரு சொல் போடுகிறார்கள். பொழுது போகாமல் ஒருத்தர், ஆத்திரத்தில் ஒருத்தர். அவன் அதையெல்லாம் சேர்த்து வைத்துக் கூட்டிப் பார்க்கிறான். கணக்கு டேலி ஆகிவிடுகிறது. அவளைக் கேட்கிறான். கேட்கிறபோதும் சத்தமே போடுவதில்லை.

படம் முடிந்தது. விளக்கைப் போட்டேன். பைபாஸ் ரோட்டில் லாரி போகிற சத்தம்.

"பேய் வந்த சீன் எதுக்கும் எனக்குப் பயமே வரலைங்க" என்றாள்.

"பின்னே?"

"அவன் சாதாரணமா கேக்கறான் பாருங்க. எங்கே போயிட்டு வந்தேன்னு. அங்கதான் வயித்தைப் பிசைஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் அன்னிக்கு அப்படித்தான் கேட்டீங்க."

எனக்கு எந்த 'அன்னிக்கு' என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. அதுதான் கஷ்டம்.

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் காலையில் மூன்றாவது மாடிப் பெரியவர், ரிட்டயர்டு, காலையில் பேப்பரையும் சாயங்காலம் தெருவையும் படிக்கிறவர், படியில் என்னை நிறுத்தினார். "நேத்து உங்க மிஸஸ் யார்கூடவோ பைக்ல வந்து இறங்கினாங்களே... தம்பியா?" என்றார். அவ்வளவுதான். அந்தத் 'தம்பியா'வில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அது மேலே ஏறி என் வீட்டுக்குள் வந்துவிட்டது, என்னோடு சேர்ந்து.

நான் டீயை ஆற்றிக் கொண்டே, பேப்பரைப் புரட்டிக் கொண்டே, "நேத்து மழையில எப்படி வந்தே?" என்று கேட்டேன். பதில் தெரிந்து கொள்ள அல்ல. பதில் எனக்கு ஏற்கெனவே தெரியும். அவள் சொல்கிறாளா என்று பார்க்க.

சொன்னாள். மறைக்க அதில் என்ன இருக்கிறது? மதுரவாயலில் ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை, முழங்கால் தண்ணீர், ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் சார் இறக்கிவிட்டுப் போனார், அவருக்கு வீடு திருவேற்காடு. நான் "ஓஹோ" என்றேன்.

ஒரு மாசமாக அந்த 'ஓஹோ' அவளுக்குள் சொட்டிக் கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

"நான் ஒண்ணும் நினைக்கலையே" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

"நினைக்கலைன்னா ஏன் பேப்பரைத் தலைகீழா புடிச்சிருந்தீங்க?"

ஐயா, வாசகரே, இதற்குப் பதில் தெரிந்தால் எனக்கு எழுதிப் போடுங்கள். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போனேன். குழாயை இறுக்கினேன். நிற்கவில்லை. வாஷர் போயிருக்கிறது. ஒரு மக்கை அடியில் வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து, "தப்புதான்" என்றேன். "சரி, படுங்க" என்றாள். விளக்கை அணைக்கவில்லை. இரண்டு பேருக்குமே வேண்டியிருந்தது.

விடியற்காலை ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் மீன் மார்க்கெட்டில் ஏழு மணிக்கு மேல் போனால் மீனை விட மனிதத் தலை அதிகம், பார்க்கிங்குக்கே சண்டை. அதனால் ஐந்தரைக்கே பையை எடுத்துக் கொண்டு இறங்கினேன். (சங்கரா. அவளுக்குப் பிடிக்கும். வேறு ஒன்றும் காரணமில்லை.) முதல் மாடித் திருப்பத்தில் மூன்றாவது மாடிப் பெரியவர், பால் பாக்கெட்டோடு.

"என்ன தம்பி, ராத்திரி பேய்ப் படமா? சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு."

"ஆமாம் சார்."

"நல்லது, நல்லது. அப்புறம், சொல்லணும்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க மிஸஸ்..."

"சார், நீங்க 'ஈரம்' படம் பாத்திருக்கீங்களா?"

"இல்லையே. நல்லா இருக்குமா?"

"அபார்ட்மெண்ட் கதை சார். அதுல அக்கம்பக்கத்துக்காரங்க ரோல் ரொம்ப முக்கியம். அவசியம் பாருங்க. தனியா பாருங்க."